கூரைக்குப் பின்னால் காடு, பத்திரத்தில் நான்கு பங்கு

வால்பாறையிலிருந்து ஒரு சகோதரி சட்ட ஆலோசனை கேட்டு எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வுக்கு முன்பே, 1997-இல், சோலைக்காட்டை ஒட்டி 38 சென்ட் நிலத்தை ஒரு ஓட்டு வீட்டோடு தன் பெயரில் கிரையம் வாங்கினார். மூன்று வருடத்துக்கு முன் உயில் எழுதாமல் இறந்துபோனார். கணவரை இழந்து ஊர் திரும்பிய இந்தச் சகோதரி, அம்மாவோடு சேர்ந்து வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார். சாப்பாட்டோடு ஒரு இரவுக்கு 2,800 ரூபாய். ஒவ்வோர் அறையும் மாதத்தில் பத்து நாள் போகிறது. செலவு போக முப்பதாயிரம் நிற்கிறது.

திருப்பூரில் இருக்கும் தம்பிக்கு இது போதவில்லை. கோவையைச் சேர்ந்த ஒருவர் ஒன்பது வருட லீஸ் கேட்கிறார், பதிவு மட்டும் வேண்டாமாம். அட்வான்ஸ் 15 லட்சம், மாதம் 30,000 வாடகை. வீட்டுக்குப் பின்னால் ஆறு டென்ட், கேம்ப் ஃபயர், இரவு ஜீப் சவாரி, ஆற்றுக் குளியல் என்பது திட்டம். பார்வைக்கு மறைக்கிற இரண்டு மரங்களை வெட்ட வேண்டும். “நீ கட்டிக்கொடுத்த பொண்ணு, முப்பது பவுன் போட்டாச்சு, கையெழுத்துக்குக்கூட அவசியமில்லை” என்கிறார் தம்பி. போன ஆடியில் ஒரு மழை ராத்திரி, யானை அடுக்களை ஜன்னலைப் பெயர்த்துத் துதிக்கையை விட்டு உப்புச் சாடியையும் அரிசி மூட்டையையும் இழுத்துப் போட்டிருக்கிறது. விருந்தினர்கள் திண்ணையில் நின்று செல்போன் வெளிச்சம் அடித்துப் படம் பிடித்தார்களாம். “அந்த வீடியோவைப் பார்த்துதான் லீஸ்காரர் வந்தார்” என்று எழுதியிருக்கிறார்.

எனக்குப் பங்கு உண்டா? சொந்த வீட்டில் ஆள் தங்கவைக்க லைசென்ஸ் தேவையா? ‘எகோ’ என்று பெயர் வைத்தால் விதிவிலக்கு கிடைக்குமா? யானை யாரையாவது அடித்துவிட்டால் பொறுப்பு யாருடையது? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், ஓரமாக, “அப்பத்தாவும் எங்களோடுதான் இருக்கிறார், வயது 84” என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் போகிறபோக்கில் எழுதியது. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

பங்கு மூன்றல்ல, நான்கு

உங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து இது. உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். அதாவது அம்மா, நீங்கள், தம்பி, அப்பத்தா: ஆளுக்குக் கால் பங்கு. உங்களுக்குத் திருமணம் ஆனதோ, நகை போட்டதோ இந்தக் கணக்கை மாற்றாது. சீர் கொடுத்ததற்குப் பதிலாகப் பங்கை விட்டுக்கொடுத்ததாக நீங்கள் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருந்தால்தான் மாறும். அப்படி எதுவும் எழுதவில்லை என்கிறீர்கள்.

தாய்க்குப் பங்கு உண்டு என்பதைப் படித்தவர்களே மறந்துவிடுகிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே பாட்டி பெயரை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து நீதிமன்றப் படியேறுகிற குடும்பங்களைப் பொள்ளாச்சியில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் இது ஏன் அவசரம் என்றால், நாளை அப்பத்தா உயில் எழுதாமல் காலமானால், அவருடைய கால் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும். உங்கள் அத்தையும் சித்தப்பாவும் அந்த 38 சென்ட்டுக்குள் வந்துவிடுவார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் ஒரு சின்ன வீட்டுக்கு ஐந்து உரிமையாளர்கள் என்றால் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிக்கக்கூட ஐந்து கையெழுத்து வாங்க வேண்டிவரும்.

அப்பத்தா மனப்பூர்வமாக விரும்பினால் தன் பங்கை அம்மாவுக்கோ உங்களுக்கோ விடுதலைப் பத்திரமாகப் பதிவு செய்து தரலாம், உயிலும் எழுதலாம். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள்: அவரை வற்புறுத்தாதீர்கள். தம்பியைக் கேட்காமல் ரகசியமாக முடிக்கவும் வேண்டாம். 84 வயதுக்காரரிடம் வாங்கிய பத்திரம் என்றாலே நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். அவருக்குத் தெரிந்த மருத்துவரிடம் சான்று வாங்கி, பத்திரத்தை அவருக்கு நிதானமாகப் படித்துக்காட்டிச் செய்யுங்கள்.

லீஸ் விஷயமும் இதிலேயே அடங்கிவிடுகிறது. கூட்டுச் சொத்தை உங்கள் மூவரின் கையெழுத்து இல்லாமல் தம்பி முழுசாக லீஸுக்கு விட முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸ் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் ஒன்பது வருட லீஸ் ஆகிவிடாது. ஒன்பது வருடம் என்று சொல்லிவிட்டுப் பதிவு மட்டும் வேண்டாம் என்கிற ஆளின் நோக்கம் என்ன என்று தம்பியையே யோசிக்கச் சொல்லுங்கள்.

பட்டா இருக்கிறது, அதற்கு மேல்?

“பட்டா நிலம், வீட்டு வரி ரசீது இருக்கிறது, வேறென்ன வேண்டும்” என்று தம்பி சொல்கிறாராம். பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்லும் தாள். அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை அது சொல்லாது. வரி ரசீது அதையும்விடக் கீழ். அனுமதியில்லாத கட்டடத்துக்கும் நகராட்சி வரி வாங்கும். வாங்கியதாலேயே அது அனுமதி பெற்றதாகிவிடாது.

முதலில் உங்கள் சர்வே எண்ணுக்கு அ-பதிவேடு, புல வரைபடம், முப்பது வருட வில்லங்கச் சான்று மூன்றையும் எடுங்கள். அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். வால்பாறையில் பெரும்பாலான நிலம் எஸ்டேட்டுகளிடமும் வனத்துறையிடமும்தான் இருக்கிறது. தனியார் பட்டா என்பது நடுவில் ஒட்டுத்துண்டு மாதிரி. எல்லைக்கல் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை எல்லைத் தகராறு வழக்குக்காக அங்கே வந்தபோது, என் கட்சிக்காரர் பெருமையாகக் காட்டிய பாக்கு மரங்களில் பாதி காப்புக்காட்டுக்குள் நின்றன. அட்டைக்கடியோடு திரும்பி வந்து வழக்கைச் சமரசமாக முடித்தோம்.

அடுத்தது மலையிடப் பாதுகாப்பு. ‘ஹாகா’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிற குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமமும் சர்வே எண்ணும் வருகிறதா என்று நகர ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால், புதிதாக ஒரு கழிப்பறைத் தொகுதி கட்டுவதற்குக்கூட வனம், புவியியல், வேளாண் பொறியியல் என்று பல துறைகளின் கருத்து கேட்கப்படும். சரிவில் மண் வெட்டுவதும் இதில் அடங்கும். “டென்ட் கட்டடமே இல்லையே” என்று லீஸ்காரர் சொல்வது கெட்டிக்காரப் பேச்சு. டென்டுக்கு மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், வண்டி நிறுத்த இடம் இல்லாமல் எப்படி? அதுவும் போக, கேள்வி கட்டடம் பற்றியது மட்டுமல்ல. நிலத்தை வணிகத் தங்குமிடமாகப் பயன்படுத்துவதே அனுமதிக்குரிய விஷயம்.

அந்த இரண்டு மரங்கள்: மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, தனியார் காடுகளுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம். சொந்த நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஒன்று அயனி, இன்னொன்று வெடிப்பலா என்று எழுதியிருக்கிறீர்கள். வெடிப்பலா பூக்கும் காலத்தில் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், அந்தப் பூவுக்காகவே வரும். கோவையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் பார்க்க வருவதே அதைத்தான். பார்வைக்கு மறைக்கிறது என்று எதை வெட்டச் சொல்கிறார்களோ, அதுவே பார்வை.

‘எகோ’ என்ற பெயருக்குச் சட்டத்தில் சலுகை இல்லை

பெயர்ப் பலகையில் பச்சை இலை வரைவதால் எந்த விதியும் தளராது. ஆனால் ‘ஹோம் ஸ்டே’ என்பதற்கு ஒரு பொருள் உண்டு: வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். மத்தியச் சுற்றுலா அமைச்சகத் திட்டத்தில் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை வரைதான். மாநிலச் சுற்றுலாத் துறையும் ஹோம் ஸ்டேக்களைப் பதிவு செய்கிறது. இன்றைக்கு நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் அங்கே இருப்பதால்தான் உங்களுடையது ஹோம் ஸ்டே. லீஸுக்கு விட்டுவிட்டு நீங்கள் வால்பாறை டவுனில் வாடகை வீட்டுக்குப் போன மறுநாள் அது விடுதி. அதற்குரிய லைசென்ஸ், தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாம் வேறு கணக்கு. தம்பி இதைக் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் இப்போது செய்வதும் முழுக்கச் சரியில்லை. இரண்டு வருடமாக எந்தப் பதிவும் இல்லாமல் நடத்துகிறீர்கள். சொந்த வீடுதானே என்று நினைத்திருக்கிறீர்கள். காசு வாங்கித் தங்கவைத்தால் அது தொழில்தான். சுற்றுலாத் துறைப் பதிவுக்கும் நகராட்சி உரிமத்துக்கும் விண்ணப்பியுங்கள். சாப்பாடு போடுவதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும், கட்டணம் சொற்பம். வீட்டு சிலிண்டரில் விருந்தினருக்குச் சமைக்காதீர்கள், வணிக சிலிண்டர் வாங்குங்கள். மின் இணைப்பு எந்த வகையில் வரும் என்று மின்வாரியத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் பதிய வேண்டும். ஜிஎஸ்டியைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. உங்கள் மாத வரவு 56,000. வருடத்துக்கு ஏழு லட்சத்தைத் தொடாது. இணைய முன்பதிவுத் தளம் வழியாக வரும் அறைகளுக்கு அந்தத் தளமே வரியைக் கட்டிவிடும்.

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. முன்பதிவு உறுதி செய்யும் செய்தியிலேயே அதை எடுக்கச் சொல்லிவிடுங்கள். ஆழியாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்வது யாருக்கும் நல்லதில்லை.

யானை வந்தால் யார் பொறுப்பு?

“வனவிலங்கால் ஏற்படும் ஆபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று பலகை வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. டில்லியில் ஒரு நட்சத்திர விடுதி, வண்டி நிறுத்தும் சீட்டில் ‘உங்கள் சொந்தப் பொறுப்பில்’ என்று அச்சடித்திருந்தது. ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடுபோனது. 2019-இல் உச்ச நீதிமன்றம், அலட்சியத்தால் வந்த இழப்பிலிருந்து அந்த வாசகம் விடுதியைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டது. காருக்கே அப்படியென்றால் உயிருக்கு?

அலட்சியம் என்றால் என்ன என்பதற்கு 2021 ஜனவரி மாதம் ஒன்றே போதும். அந்த மாதம் வயநாடு மேப்பாடியில், காட்டை ஒட்டிய தங்குமிடத்தின் டென்டில் தங்கியிருந்த இளம் ஆசிரியை யானை தாக்கி இறந்தார். மாவட்ட நிர்வாகம் அந்த இடத்தை மூடச் சொன்னது. அதே மாதம் மசினகுடியில், தங்குமிடம் ஒன்றுக்கு அருகே வந்த யானை மீது எரியும் டயரை வீசியதில் காது கருகி, பல நாள் துடித்து யானை செத்தது. வீசியவர்கள் கைதானார்கள், தங்குமிடத்துக்குச் சீல் வைத்தார்கள். ஒரு இடத்தில் மனுஷி, ஒரு இடத்தில் யானை. இரண்டிலும் காட்டோரத்தில் தங்கவைத்துக் காசு பார்த்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

உங்கள் ஆடி மாத ராத்திரிக்கு வருகிறேன். நீங்கள் அன்று செய்த தவறு யானை வந்தது அல்ல. மூன்று பேரைத் திண்ணையில் நிற்கவிட்டதுதான். உப்பு, அரிசி, புளி, வாழைத்தார் எதையும் ஜன்னலோரம் வைக்கக் கூடாது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்தையும் யானை எதற்காக இடிக்கிறது என்று பார்த்து வளர்ந்த தலைமுறை அது. சாமானை வீட்டின் நடு அறைக்கு மாற்றுங்கள். மாலை ஆறரைக்கு மேல் விருந்தினர் வாசல் தாண்டக் கூடாது, கழிப்பறைக்கு வெளியே போக வேண்டிய அறையை வாடகைக்கு விடக் கூடாது. வால்பாறையில் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குத் தகவல் வரும் ஏற்பாடும், ஆபத்தான இடங்களில் எரியும் சிவப்பு விளக்குகளும் பல வருடமாக இருக்கின்றன. உங்கள் எண்ணை அதில் சேர்த்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உடனே சேருங்கள். தகவல் வந்த நேரத்தையும் விருந்தினரிடம் சொன்ன நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை ஏதாவது நடந்தால், நீங்கள் கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு எந்தப் பலகையையும்விட அந்த நோட்டுதான் சாட்சி.

சோலார் வேலி போடலாமா என்ற கேள்விக்கு: 2023-இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின் கீழ், காட்டோர நிலத்தில் அனுமதியும் பதிவும் இல்லாமல் போடக் கூடாது. வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

தம்பியின் பட்டியலில் ஒவ்வொன்றாக

இரவு ஜீப் சவாரி: எஸ்டேட் சாலை எஸ்டேட்டுக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் போனால் அத்துமீறல். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போனால் வனக் குற்றம். ஆனைமலைப் புலிகள் காப்பகம் சுற்றிலும் இருக்கும் ஊரில் டார்ச் அடித்துக்கொண்டு காட்டுமாட்டைத் துரத்துகிற ஜீப்பை வனத்துறை விட்டுவைக்காது.

கோழி எலும்பை வீட்டுக்குப் பின்னால் கொட்டினால் சிறுத்தை தவறாமல் வரும் என்று லீஸ்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே, விலங்கை விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும் வருகிறது. சிறுத்தை முதல் அட்டவணை விலங்கு. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. எலும்பைக் கொட்டியது வேலைக்காரராக இருந்தாலும் வழக்கு இடத்துக்குச் சொந்தக்காரர்களையும் தேடி வரும். சட்டத்தை விடுங்கள், அந்தச் சிறுத்தை உங்கள் வீட்டோடு நிற்காது. லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிய ஊர் அது.

ஆற்றுக் குளியல்: 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஐந்து கல்லூரி மாணவர்கள் ஒரே நாளில் மூழ்கி இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ‘தனி ஆறு’ என்று விளம்பரம் செய்து ஆள் கூட்டினால், அந்த ஆற்றில் நடப்பதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவீர்கள்.

கேம்ப் ஃபயரைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

லீஸ்காரர் தரும் வாடகை மாதம் 30,000. இன்றைக்கே உங்கள் கையில் நிற்பதும் 30,000. ஒன்பது வருடத்துக்கு வீட்டைவிட்டு வெளியேறி, இருப்பதையே வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள். மிச்சம் அந்த 15 லட்சம் அட்வான்ஸ். அதுவும் திருப்பித் தர வேண்டிய கடன். தம்பியிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். அவருக்கு இப்போது பணமுடை இருக்கலாம்; திருப்பூரில் தொழில் நிலவரம் எல்லோருக்கும் தெரியும். கோபத்துக்குப் பின்னால் அதுதான் இருக்கிறதென்றால் பேச்சு சுலபம். அவருடைய கால் பங்குக்கு மாதாமாதம் ஒரு தொகை என்று நால்வரும் எழுதிக்கொள்ளலாம். வீட்டை நடத்துகிற உங்கள் உழைப்புக்குச் சம்பளம் கழித்த பிறகுதான் பங்கு என்று அதில் தெளிவாக இருக்கட்டும். பெண்கள் வீட்டில் செய்கிற வேலையை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. நீங்களே எழுதவில்லை பாருங்கள், முப்பதாயிரம் ‘நிற்கிறது’ என்கிறீர்கள்.

மூன்றாவது அறை வேண்டுமென்றால் புதிதாகக் கட்டாமல், இருக்கிற பின்கட்டைச் சீர்செய்ய அனுமதி கேளுங்கள். தாழ்வாரத்து வெள்ளை விளக்கை ஒன்பது மணிக்கு அணையுங்கள். மந்திக்கு யாரும் எதுவும் போடக் கூடாது. எச்சில் இலையை மூடிய தொட்டியில் போடுங்கள். புதுத்தோட்டம் எஸ்டேட்டில் மந்திகள் ரோட்டுக்கும் அடுக்களைக்கும் வந்து பழகிப்போனதைத் தினமும் பார்க்கிறீர்கள்தானே. செப்டிக் டேங்க் ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள், பதிவுக்கு வரும் அதிகாரி அதைத்தான் முதலில் கேட்பார்.

காலையில் பொதுச் சாலையோரமாக நடத்திக் கூட்டிப்போய் சோலைமந்தியும் இருவாச்சியும் காட்ட, ஓய்வுபெற்ற எஸ்டேட் தொழிலாளி ஒருவரை வையுங்கள். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். பருவமழையில் அறை காலியாகக் கிடக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அட்டைக்கடிக்குக் காலுறை மாட்டிக்கொண்டு மழை பார்க்கவே வருகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நாலு நாள் தங்குவார்கள், சத்தம் போட மாட்டார்கள், உங்கள் அம்மாவின் ரசத்தைப் பற்றித்தான் ஊருக்குப் போய் எழுதுவார்கள்.

வேலையை இந்த வரிசையில் முடியுங்கள்: தாசில்தார் அலுவலகத்தில் நால்வர் பெயரோடும் வாரிசுச் சான்றிதழ், பிறகு கூட்டுப் பட்டா, பிறகு சுற்றுலாத் துறை விண்ணப்பம். பதிவு கைக்கு வரும்வரை புதிய முன்பதிவு எடுக்காமல் இருப்பது உத்தமம். அந்த இடைவெளிக்குக் கையில் எவ்வளவு வேண்டும் என்று இப்போதே பாருங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். லீஸ்காரர் போன மாதம் ஆட்களோடு வந்து பின்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் கைமாறாமல் யாரும் அளக்க ஆள் அனுப்ப மாட்டார்கள். தம்பி முன்பணம் ஏதாவது வாங்கிவிட்டாரா என்று இன்று இரவே போனில் கேளுங்கள், சண்டையாக இல்லாமல். வாங்கியிருந்தால், உங்கள் மூவரின் சம்மதம் இல்லை என்பதைப் பதிவுத் தபாலில் லீஸ்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொகையையும் தேதியையும் குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள், தபாலின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.